சிறுநீரைக் கரண்டியில் காய்ச்சிய டாக்டர்

லண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில் கைஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. தாமஸ் கை என்ற புத்தக வியாபாரி தாம் சம்பாதித்த பெரும் பணத்தைக் கொண்டு 1721-ம் ஆண்டில் ஏற்படுத்திய தர்ம ஆஸ்பத்திரி அது.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு டாக்டர் வேலை பார்த்தார். அவர் செய்த ஒரு காரியம் பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். நோயாளியின் சிறுநீரில் கொஞ்சம் எடுத்து ஒரு சிறு கரண்டியில் விடுவார். கரண்டியை மெழுகுவர்த்திச் சுடரின் மேல் பிடிப்பார். சிறுநீர் மெள்ளச் சூடேறும். பல பேருடைய சிறுநீர் சும்மா கொதிக்கும். சில பேருடைய சிறுநீர் மட்டும் கொதி வருவதற்கு முன்பே ஓரத்தில் வெளுக்கும். பிறகு முழுவதும் திரிந்து கட்டியாகும். அடுப்பில் வைத்த முட்டையின் வெள்ளைக்கரு உறைகிற மாதிரி உறையும்.

உறைந்துவிட்டால், அந்த நோயாளியின் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கிறது என்று டாக்டர் தெரிந்துகொள்வார்.

எக்ஸ்ரே கருவி அப்போது கிடையாது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் கிடையாது. உடம்புக்குள்ளே, முதுகுப் பக்கமாக ஒளிந்திருக்கும் ஓர் உறுப்பின் சங்கதியை ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியும் காட்டிக் கொடுத்தன. அந்த டாக்டரின் பெயர் ரிச்சர்டு பிரைட்.

ஊர் சுற்றிய பிள்ளை

1789-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, இங்கிலாந்தின் துறைமுகப் பட்டணமான பிரிஸ்டலில் ரிச்சர்டு பிரைட் பிறந்தார். தகப்பனாரின் பெயரும் ரிச்சர்டு பிரைட்தான். அவர் பெரிய வியாபாரி. பாங்குத் தொழிலும் நடத்தினார். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை.

1808-ல் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ சர்வகலாசாலையில் சேர்ந்தார். முதலில் படித்தது தத்துவமும் கணக்கும் பொருளாதாரமும். அடுத்த ஆண்டே மனம் மாறி வைத்தியப் படிப்புக்குப் போய்விட்டார். அதிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கவில்லை. 1810-ல் சர் ஜார்ஜ் மெக்கன்ஸி என்பவர் ஐஸ்லாந்து தீவை ஆராயப் புறப்பட்டார். பிரைட்டும் அவரோடு கப்பல் ஏறிவிட்டார். பனி மூடிய மலைகளும், பூமியைப் பிளந்துகொண்டு பீறிடும் வெந்நீர் ஊற்றுகளும் நிறைந்த தீவு அது. அந்தப் பயணத்தைப் பற்றி மெக்கன்ஸி எழுதிய புத்தகத்தில், தீவின் செடி கொடிகளையும் பிராணிகளையும் பற்றிய குறிப்புகளைக் கொடுத்தவர் 21 வயதுகூட நிரம்பாத பிரைட்தான்.

திரும்பி வந்து கைஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார். மறுபடி எடின்பரோ சென்று 1813-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கியதும் மீண்டும் பயணம். 1814-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் வியன்னா நகரில் இருந்தார். நெப்போலியனை வீழ்த்திய ராஜாக்களும் மந்திரிகளும் அங்கே கூடிப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. அங்கிருந்து ஹங்கேரி நாட்டுக்குள் போய்க் கிராமம் கிராமமாகச் சுற்றினார். அங்கே கண்டதையெல்லாம் எழுதி, தம் கையாலேயே படங்களும் வரைந்து, 1818-ல் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார்.

இடையில் நெப்போலியன் தப்பி வந்து, மறுபடி யுத்தம் மூண்டது. 1815-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி வாட்டர்லூ போர் நடந்தது. ஊர் திரும்பும் வழியில், போர் முடிந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில், பிரைட் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் இருந்தார். காயம்பட்ட சிப்பாய்கள் நிரம்பிக் கிடந்த ஆஸ்பத்திரிகளைச் சுற்றிப் பார்த்தார்.

பாறை, பூ, பறவை, மனிதர்கள், புண்பட்ட உடல்கள் என்று எதையும் உற்றுப் பார்த்து, உடனே எழுதி வைப்பதும் வரைந்து வைப்பதும் அவருடைய பழக்கம். பிற்காலத்தில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பழக்கம்தான். மேதாவித்தனத்தில் அவரை மிஞ்சியவர்கள் லண்டனில் பலர் இருந்தார்கள்.

லண்டனுக்கு வந்து காய்ச்சல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தார். நோயாளிகளின் காய்ச்சல் அவரையும் தொற்றிக்கொண்டது. பிழைத்தது மறுபிழைப்பு.

கைஸ் ஆஸ்பத்திரியில்

1820-ல் கைஸ் ஆஸ்பத்திரியில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். 1824-ல் முழு டாக்டர் ஆனார். தாமஸ் அடிசன், தாமஸ் ஹாட்கின் ஆகிய இருவரும் அதே காலத்தில் அங்கே இருந்தவர்கள். மூன்று பேர் பெயரும் மூன்று நோய்களுக்கு நிலைத்துவிட்டது. ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே சமயத்தில் இப்படி மூவர் அமைந்தது பெரிய ஆச்சரியம்தான்.

அந்த ஆண்டுகளில் பிரைட்டின் வீட்டில் ஒரு துக்கம் நடந்தது. 1822-ல் அவர் மார்த்தா பாபிங்டன் என்ற பெண்ணை மணந்தார். அதே ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த வில்லியம் பாபிங்டனின் மகள் அவர். மறு ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் தாய் இறந்துவிட்டார். மாமனாரும் டாக்டர், கணவரும் டாக்டர். ஆனால் அன்றைய வைத்தியத்தால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 1826-ல் எலிசா பாலெட் என்பவரை பிரைட் மறுமணம் செய்துகொண்டார்.

ஆஸ்பத்திரி வேலையில் பிரைட் நேரம் காலம் பார்க்கமாட்டார். நாள்தோறும் பல மணி நேரம் வார்டில் இருப்பார். மீதி நேரம் பிரேதப் பரிசோதனை அறையில் இருப்பார். உயிரோடு இருந்தபோது நோயாளி என்ன சொன்னார், உடம்பு எப்படி இருந்தது, சிறுநீர் எப்படி இருந்தது என்று எழுதி வைப்பார். நோயாளி இறந்துபோனால், உடலைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார்.

நாக்கால் ருசி பார்த்த காலம்

சிறுநீரைப் பார்த்து நோய் சொல்லும் வழக்கம் பிரைட்டுக்கு முன்பே இருந்தது. மிக மிகப் பழைய வழக்கம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக, வைத்தியர் என்றால் கையில் கண்ணாடிக் குடுவை பிடித்திருப்பவராகத்தான் படம் எழுதினார்கள். குடுவையில் சிறுநீர் இருக்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார், தெளிவு பார்ப்பார், அடியில் தங்கியிருக்கும் மண்டியைப் பார்ப்பார்.

நாளடைவில் இதில் பித்தலாட்டம் புகுந்தது. நோயாளியின் முகத்தையே பாராமல், வேலைக்காரன் கொண்டுவந்த குடுவையை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தார்கள். சிலர் அதிலே ஜோசியமும் சொன்னார்கள். இந்த மோசடியைக் கிழித்துக்காட்டி 1637-ல் லண்டனில் ஒரு புத்தகமே வெளிவந்தது.

நல்ல டாக்டர்களும் இருந்தார்கள். தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில டாக்டர், நீரிழிவு நோயாளியின் சிறுநீர் தேன் போல இனிக்கிறது என்று 1674-ல் எழுதினார். ருசி பார்த்துத்தான் எழுதினார்! நூறு ஆண்டுகள் கழித்து, 1776-ல், லிவர்பூல் நகரத்து மாத்தியூ டாப்சன் அந்தச் சிறுநீரைக் காய்ச்சி வற்ற வைத்தார். அடியில் சர்க்கரை தங்கியது. நாக்கு செய்த வேலையை அடுப்பு செய்துவிட்டது.

வீக்கத்தின் மர்மம்

பிரைட் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் உடம்பில் நீர் கோத்தவர்கள் நிறைய. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். மாலையில் கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். வர வர வயிறும் பெருக்கும், மூச்சு வாங்கும். பலர் வலிப்புக் கண்டோ, மயக்கத்தில் ஆழ்ந்தோ இறந்துபோவார்கள். இது தனி ஒரு வியாதி என்று அன்றைய டாக்டர்கள் நினைத்தார்கள். இறந்தவரின் ஈரல் கெட்டிருந்தால் ஈரலைக் குறை சொல்வார்கள். இதயம் கெட்டிருந்தால் இதயத்தைக் குறை சொல்வார்கள். இரண்டும் நன்றாக இருந்தால் என்ன சொல்வது?

சில நோயாளிகளின் சிறுநீர் சூட்டில் உறைகிறது என்பதை பிரைட்டுக்கு முன்பே வேறு சிலர் கவனித்திருந்தார்கள். இத்தாலி நாட்டு கோட்டுன்யோ, லண்டனில் வெல்ஸ், எக்சிட்டர் நகரத்து பிளாக்கால் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். அதற்குக் காரணம் சிறுநீரகம் என்று அடித்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை. உறைகிற சிறுநீர் ஒரு பக்கம் கிடந்தது. கெட்டுப்போன சிறுநீரகம் ஒரு பக்கம் கிடந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஆள் இல்லை.

பிரைட் முடிச்சுப் போட்டார். நீர் கோத்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் காய்ச்சிப் பார்த்தார். உறைந்ததா, இல்லையா என்று எழுதிக்கொண்டார். அவர்களில் இறந்தவர்களின் உடலைத் திறந்தார். சிறுநீர் உறைந்தவர்களிடம் சிறுநீரகம் நோய்ப்பட்டிருந்தது. சிலருக்கு அது வெளுத்துப் பருத்திருந்தது. சிலருக்குச் சுருங்கி, கெட்டிப்பட்டு, மேல்புறம் மணலைத் தூவினாற்போல் சொரசொரப்பாக இருந்தது. ஈரல் நோயினால் வயிறு பெருத்தவர்களுக்கோ, பொதுவாக, சிறுநீர் உறையவில்லை. அப்படியானால் வீக்கம் ஒன்றாக இருந்தாலும் அதன் வேர் ஒன்றல்ல!

1827-ல் இதையெல்லாம் ஒரு பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார். வெட்டி எடுத்த சிறுநீரகங்களை ஓவியரைக் கொண்டு வரையச் செய்து, வண்ணப் படங்களாகச் சேர்த்தார். அந்தப் படங்களைப் பார்க்கும் டாக்டர்கள் இன்றும் வியக்கிறார்கள். வண்ணப் புகைப்படம் பிறக்காத காலத்து வேலை அது.

வெள்ளைக்கரு எங்கிருந்து வந்தது?

சிறுநீரகம் என்பது ஒரு சல்லடை. குண்டிக்காய் என்று கிராமத்தில் சொல்வார்கள். முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. உடம்பில் உள்ள ரத்தமே ஐந்து லிட்டர்தான். திரும்பத் திரும்ப அதையே வடிக்கின்றன. வடித்ததில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குக் கழிவை மட்டும் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன.

ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதப் பொருள் உண்டு. முட்டையின் வெள்ளைக்கருவுக்கு இது உறவு. நல்ல சல்லடையில் அது ஒழுகாது. சல்லடை கிழிந்தால் ஒழுகும். ஒழுகிய ஆல்புமின்தான் பிரைட்டின் கரண்டியில் வெள்ளையாக உறைந்தது.

ரத்த நாளங்களுக்குள்ளே நீரைப் பிடித்து வைத்திருப்பதும் இதே ஆல்புமின்தான். அது ஒழுகிப் போனால் நீர் நாளங்களை விட்டுக் கசிந்து சதையில் தேங்கும். கெட்ட சிறுநீரகம் உப்பையும் சரியாக வெளியேற்றாது. அந்த உப்பும் நீரைப் பிடித்துக்கொள்ளும். முகமும் காலும் வீங்குவது இதனால்தான்.

இந்தக் கணக்கில் பிரைட்டுக்குத் துணை நின்றவர் ஜான் பாஸ்டாக் என்ற ரசாயன நிபுணர். பூந்தாதுக் காலத்தில் மூக்கு ஒழுகும் சளி நோயைத் தம் உடம்பிலேயே கண்டு 1819-ல் எழுதியவர் அவர். பிரைட் அனுப்பிய சிறுநீரையும் ரத்தத்தையும் அவர் சோதித்தார். சிறுநீரில் ஆல்புமின் கூடியிருந்தது, ரத்தத்தில் குறைந்திருந்தது. சிறுநீரில் போக வேண்டிய யூரியா என்ற கழிவு ரத்தத்தில் தங்கியிருப்பதையும் பிரைட்டோடு வேலை செய்தவர்கள் கண்டார்கள். வெளியே போக வேண்டியது உள்ளே நின்றது. உள்ளே இருக்க வேண்டியது வெளியே போயிற்று. நோயாளிகள் மயங்கிச் சாவதன் காரணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கியது.

கரண்டியின் வாரிசுகள்

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு சிறு பாட்டிலைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்து வரச் சொல்கிறார்கள். அந்தப் பாட்டில் உள்ளே போனபின் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. நடப்பதெல்லாம் பிரைட்டும் பாஸ்டாக்கும் செய்த வேலையின் தொடர்ச்சிதான்.

முதலில் கண்ணால் பார்ப்பார்கள். இளமஞ்சளாய்த் தெளிந்திருந்தால் நல்லது. தண்ணீர் குறைவாகக் குடித்தால் நிறம் கூடும். மஞ்சள் காமாலையில் கறுத்த தேநீர் நிறம் வரும். ரத்தம் கலந்தால் சிவக்கும். பீட்ரூட் தின்றாலும் சிலருக்குச் சிவக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது அடர்த்தி. தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், சிறுநீரின் அடர்த்தி பெரும்பாலும் 1.005 முதல் 1.030 வரை இருக்கும். நல்ல சிறுநீரகம், தாகத்தில் சிறுநீரைக் கெட்டியாக்கும், தண்ணீர் நிறையக் குடித்தால் நீர்க்க விடும். மிகவும் கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு இந்தச் சாமர்த்தியம் போய்விடும். காலையிலும் மாலையிலும் ஒரே 1.010 என்று நின்றுவிடும்.

பிறகு ஆல்புமின். கரண்டிக்குப் பதில் கண்ணாடிச் சோதனைக் குழாய் வந்தது. மெழுகுவர்த்திக்குப் பதில் ஸ்பிரிட் விளக்கு வந்தது. குழாயில் முக்கால் பாகம் சிறுநீர் விட்டு, மேல்பகுதியை மட்டும் சூடாக்குவார்கள். கீழ்ப்பகுதி தெளிவாக இருக்க, மேலே கலங்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் கலங்கியதெல்லாம் ஆல்புமின் ஆகாது. பாஸ்பேட் என்ற உப்பும் சூட்டில் கலங்கும். அதனால் காடியில் உள்ள அமிலத்தில் சில சொட்டு விடுவார்கள். கலங்கல் கரைந்தால் அது உப்பு. கரையாமல் நின்றால் ஆல்புமின். இந்த ஒரு சொட்டு வித்தியாசத்தில் ஓர் ஆளை நோயாளி ஆக்கவும் முடியும், நோய் இல்லை என்று அனுப்பிவிடவும் முடியும்.

சர்க்கரைக்கு அமெரிக்க ரசாயன நிபுணர் பெனடிக்டின் நீலத் திராவகம் வெகுகாலம் பயன்பட்டது. ஐந்து மில்லி திராவகத்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று போகப் போகச் சர்க்கரை அதிகம்.

1950-களில் காகிதப் பட்டைகள் வந்தன. மருந்து தோய்த்த பட்டையைச் சிறுநீரில் முக்கி எடுத்தால், ஓரிரு நிமிஷத்தில் நிறம் மாறும். டப்பாவின் மேல் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். இன்று ஒரே பட்டையில் ஆல்புமின், சர்க்கரை, ரத்தம், பித்தம் என்று பத்துச் சங்கதிகள் வரை பார்க்கிறார்கள்.

கடைசியாக மைக்ராஸ்கோப். சிறுநீரை யந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, அடியில் தங்குவதைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பார்கள். சீழணுக்கள் நிறைய இருந்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி புகுந்திருக்கலாம். சிவப்பணுக்கள் இருந்தால் கல்லோ, புண்ணோ, வேறு கோளாறோ இருக்கலாம். சில சமயம் நீண்ட உருளை போன்ற அச்சுகள் தெரியும். சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள்ளே வார்த்து எடுத்தது போன்றவை அவை. சிவப்பணுக்கள் பதிந்த அச்சு தென்பட்டால், ரத்தம் கசிவது சிறுநீரகத்துக்குள்ளேயே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இத்தனை சோதனையும் பாட்டிலைப் பொறுத்தது. பாட்டில் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். இனிப்பு மருந்து இருந்த பழைய பாட்டிலில் பிடித்துக் கொடுத்துவிட்டு, சர்க்கரை இருக்கிறதாமே என்று கலங்கினால் யார் என்ன செய்வது? உறுப்பைக் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். காலையில் எழுந்தவுடன் கழிப்பது நல்லது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வெயிலில் வைத்தால் கிருமி பெருகி எல்லாம் மாறிவிடும். மாதவிலக்கு நாளானால் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கடும் காய்ச்சலிலும், உடம்பை வருத்தி ஓடியபின்னும் ஆல்புமின் கொஞ்சம் ஒழுகுவது உண்டு. அதனால் ஒரு தரம் பார்த்து முடிவு கட்டாமல், டாக்டர் மறுபடி பார்க்கச் சொல்வார்.

சிறுநீரக நோய் ஆரம்பத்தில் வலிக்காது. முகம் வீங்குகிற வரையில் ஆள் நன்றாகவே நடமாடுவார். நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரில் ஆல்புமின் பார்ப்பது இதற்காகத்தான்.

பிரசவ வார்டில்

பிரைட்டின் கரண்டி கைஸ் ஆஸ்பத்திரியிலேயே இன்னொரு நோயையும் காட்டியது. கர்ப்பிணிகளில் சிலருக்குக் கடைசி மாதங்களில் முகமும் கையும் வீங்கி, பிரசவ சமயத்தில் வலிப்பு வரும். தாயும் குழந்தையும் இறப்பதுண்டு. அதே ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த ஜான் லீவர் என்ற டாக்டர், வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரைச் சோதித்தார். ஆல்புமின் இருந்தது. நோயற்ற மற்றக் கர்ப்பிணிகளின் சிறுநீரையும் சோதித்து ஒப்பிட்டார். 1843-ல் இதை வெளியிட்டார். கர்ப்பிணிகள் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரும் வாங்கிப் பார்க்கிறார்களே, அந்த வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தால், வலிப்பு வருமுன்பே தாயை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்ற வழி உண்டு.

42 படுக்கைகள்

1836-ல், ஆல்புமின் நோயாளிகள் 100 பேருடைய விவரங்களை பிரைட் அட்டவணை போட்டு வெளியிட்டார். இறந்தவர்களில் பலருக்கு இதயத்தின் இடதுபக்கம் தடித்திருப்பதை அவர் கவனித்தார். கெட்ட ரத்தத்தைச் சிறு நாளங்களின் வழியே தள்ளுவதற்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கலாம் என்று கருதினார். ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி ஆஸ்பத்திரிகளுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு எழுதியது இது!

1842-ல் கைஸ் ஆஸ்பத்திரி நிர்வாகம் அவருக்கு இரண்டு வார்டுகளை ஒதுக்கிக் கொடுத்தது. ஆண்களுக்கும் பெண்களுக்குமாக 42 படுக்கைகள். சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும். வார்டை ஒட்டி ஒரு சிறு சோதனைச்சாலையும் அமைத்தார்கள். ஒரே நோய்க்காரர்களை ஓரிடத்தில் சேர்த்து, பக்கத்திலேயே சோதனைச்சாலை வைத்து ஆராய்வது அன்றைக்குப் புதுமை. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகிவிட்டது.

இவ்வளவு கண்டுபிடித்தும் பிரைட்டால் நோயைக் குணப்படுத்த முடிந்ததா? பெரும்பாலும் முடியவில்லை. ரத்தத்தைக் குத்தி வடித்தார். பேதிக்குக் கொடுத்தார். வியர்க்க வைத்தார். காலத்தின் வைத்தியம் அவ்வளவுதான். அவற்றில் சில, சோகை பிடித்த நோயாளியை இன்னும் சோரச் செய்திருக்கும். நோய் முற்றியபின் தம்மால் ஆகக்கூடியது சொற்பம் என்பதை அவர் மூடி மறைக்கவில்லை. சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் யந்திரம் 1940-களில்தான் ஹாலந்து நாட்டில் உருவாயிற்று. ஒருவர் சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தும் சிகிச்சை 1954-ல் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில், இரட்டைச் சகோதரர்களிடையே வெற்றி கண்டது.

ஆனால் பேர் மட்டும் உலகமெங்கும் பரவியது. சிறுநீரக நோய்க்கே பிரைட் நோய் என்று பெயர் வைத்தார்கள். நூறாண்டுக்கு மேல் அப்படித்தான் அழைத்தார்கள். பிறகு அது ஒரு நோயல்ல, பல நோய்கள் என்று தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொடுத்தார்கள். பழைய பெயரை இன்று டாக்டர்கள் அதிகம் சொல்வதில்லை.

கடைசி நாட்கள்

1837-ல் விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த ஆண்டில், பிரைட் அரண்மனை டாக்டர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டார். பிரான்சு நாடு அவருக்குப் பதக்கம் அளித்தது. 1840-களில் ஆஸ்பத்திரிப் பதவியிலிருந்து விலகி, லண்டன் சாவில் ரோ தெருவில் இருந்த தம் வீட்டிலிருந்து வைத்தியம் பார்த்துவந்தார். பிள்ளைகளில் ஒருவர் ஆக்ஸ்போர்டு கல்லூரி ஒன்றின் தலைவரானார். ஒருவர் தகப்பனாரைப் போல் டாக்டரானார். இளமையில் பிடித்த ஊர் சுற்றும் ஆசையும் படம் வரையும் ஆசையும் பிரைட்டைக் கடைசி வரை விடவில்லை.

1858-ம் ஆண்டு டிசம்பர் மாதம் படுத்தார். சில நாட்களில், 16-ந் தேதி, காலமானார். வயது 69.

எத்தனையோ பேர் உடலைத் திறந்து பார்த்து நோயைக் கண்டவர் அவர். அவர் உடலையும் திறந்து பார்த்தார்கள். அவரைக் கொண்டுபோனது சிறுநீரக நோயல்ல. இதயத்திலிருந்து பெருநாளம் புறப்படும் இடத்தில் உள்ள வால்வு, சுண்ணாம்பு படிந்து சுருங்கிப் போயிருந்தது. லண்டன் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.